இடது கை பார்த்த ஊர்

சிப்பித்துறையில் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்க்காமல் இடது கையைப் பார்த்துப் பேசிய ஒரு காலம் இருந்தது, அந்தக் காலம் டெல்பின் தன் கணவனின் கிதாரைத் துடைத்து எண்ணெய் போட்ட ஒரு சனிக்கிழமை மத்தியானம் தொடங்கியது, இப்படி ஆகும் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் அவள் அதை அலமாரி மேலிருந்து இறக்கியிருக்கவே மாட்டாள், அல்லது அவளை நன்றாக அறிந்தவர்கள் சொல்வதுபோல, இன்னும் கொஞ்சம் முன்னாலேயே இறக்கியிருப்பாள்.

டெல்பின் தூத்துக்குடியில் வளர்ந்தவள், வேதியியல் படித்தவள், நடுவில் போய் நின்று பேசுவதைவிட ஓரத்தில் நின்று பார்ப்பதே அவளுக்குச் சௌகரியம். அவளுக்கு ஒரே மாதத்தில் இரண்டு வரன் வந்தது. ஒருவர் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தவர், வந்து உட்கார்ந்த நேரத்திலிருந்து எழுந்த நேரம்வரை பேசினார், பேச்செல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இன்னொருவன் சிப்பித்துறை வில்பிரட், சரக்குக் கப்பலில் வேலை, காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தபடியே குடித்தான், குடித்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகும்போது கையோடு வாசல்வரை கொண்டுபோனான். அவள் யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்த அந்த நாட்களில்தான் வில்பிரட் போன் செய்யத் தொடங்கினான். இரண்டு வீட்டிலும் மாலைச் செபமாலை முடிகிற நேரம் பார்த்து அழைப்பான், சாப்பிட்டியா என்பான், அவள் இன்னும் இல்லை என்பாள், அதன்பிறகு இரண்டு பக்கமும் ஒன்றும் இருக்காது, கடைசியில், நான் கொஞ்சம் வாசிக்கட்டா என்று கேட்டுவிட்டு போனைக் கீழே வைத்துவிடுவான், கிதார் தொடங்கும். அந்த மெட்டு அவள் எங்கும் கேட்டதில்லை. கீழே ஓரிடத்தில் மெதுவாகத் தொடங்கும், படிப்படியாக ஏறும், உச்சிக்குப் போகும் கடைசி ஒரு சுரத்துக்கு முன்னால் மட்டும் ஒரு மூச்சு நேரம் நிற்கும், கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று வாசலில் நிற்கிற ஆள் மாதிரி நிற்கும், பிறகு தொடும். அந்த ஒரு மூச்சு நேரத் தயக்கத்துக்காகத்தான் டெல்பின் துறைமுக அலுவலகத்து மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள். பேசத் தெரியாத ஒருவன் இப்படித் தயங்கத் தெரிந்தவனாக இருக்கிறானே, அது போதும் என்று நினைத்தாள்.

கல்யாணம் முடிந்து வந்தபிறகு அந்த மெட்டை அவள் ஒருமுறைகூட நேரில் கேட்கவில்லை. கிதார் உறைக்குள் அலமாரியின் மேல் கிடந்தது. முதல் வாரம் அவள் கேட்டதற்குக் கயிறு இழுத்ததில் விரல் வெட்டுப்பட்டிருக்கிறது என்றான், அடுத்த வாரம் கம்பி துருப்பிடித்துவிட்டது என்றான், அதற்கடுத்து அடுத்த தடவை ஊருக்கு வரும்போது என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிப் போனான். வீட்டில் டெல்பினும் மாமியார் ராக்கினியும் மட்டும் இருந்தார்கள். ராக்கினி விதவை, கோயிலின் பீடத் துணிகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பது அவள் பொறுப்பு, பல வருஷமாக அந்தத் துணிகளைப் பிழிந்து பிழிந்து விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. மருமகளோடு அவள் சண்டை போட்டதில்லை, சிரித்ததும் இல்லை. டெல்பின் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பும்போது மாமியார் வாசற்கதவைத் திறக்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வதை டெல்பின் கவனித்திருந்தாள், கவனித்ததை மனதின் ஓரத்தில் வைத்திருந்தாள்.

ஊர்த் திருவிழாவுக்கு வில்பிரட் வருவதாக இருந்தது. அவன் வந்து பார்க்கும்போது கிதார் பளிச்சென்று இருக்கட்டும் என்றுதான் டெல்பின் தூத்துக்குடிக் கடைக்குப் போன் செய்து எப்படித் துடைப்பது என்று கேட்டாள், புதுக் கம்பியும் வாங்கி வைத்தாள். கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். பழைய கம்பிகளைக் கழற்றிவிடணும், விரல் வைக்கிற கழுத்துப் பலகையை மர ரேகை போகிற திசையிலேயே துடைக்கணும், ஃபிரெட் என்கிற அந்த உலோகக் கோடுகளின் ஓரத்தில்தான் அழுக்கு அடையும், அதைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுக்கணும், கடைசியில் அதற்கென்று விற்கிற எலுமிச்சை எண்ணெயில் சில சொட்டு, ஊறவிட்டு மிச்சத்தைத் துடைத்துவிடணும். தேங்காயெண்ணெய் கூடாது, சிக்கு வாடை வரும். நல்லெண்ணெயும் கூடாது. கெபி விளக்கு எண்ணெய் கூடாது என்று அவர் சொல்லவில்லை, ஏனென்றால் அப்படியொன்று யாருக்கும் தோன்றும் என்று அவருக்குத் தெரியாது. சிப்பித்துறையில் கடலைப் பார்த்து நிற்கிற, குகைபோல் கட்டிய மாதா கெபியில் அணையாமல் எரிகிற விளக்கின் எண்ணெய் எல்லார் வீட்டிலும் ஒரு சிறு பாட்டிலில் இருக்கும், தலைவலிக்கும் சூட்டுக்காயத்துக்கும் அதுதான், புதுப் படகின் முன்முனையான அணியத்துக்கும் திறக்க மறுக்கிற பூட்டுக்கும் அதுதான். எலுமிச்சை எண்ணெய் கிடைக்காத டெல்பின் வாசல் நிலைக்கு மேலிருந்த அந்தப் பாட்டிலை எடுத்ததில் அந்த ஊரில் யாரும் தப்புக் காணமாட்டார்கள்.

பலகையைத் துடைக்கும்போது அவள் இரண்டு விஷயங்களைக் கண்டாள். கழுத்து உடம்போடு சேர்கிற உச்சியில், மெல்லிய கம்பிக்கு நேர் கீழே, கடுகளவில் தொடங்கி மிளகளவாகத் திரண்ட ஓர் அழுக்கு இருந்தது, அதுதான் அந்தத் தயக்கம் வந்து தொடுகிற இடம் என்று அவளுக்குப் புரிந்து சிரிப்பு வந்தது. இரண்டாவது விஷயத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய அழுக்கு காய்ந்து செதிலாக உதிரும், ஆய்வகத்தில் பாத்திரம் கழுவிப் பழகியவளுக்கு அது தெரியும், இது மெழுகுபோல இளகி வந்தது. வில்பிரட் கப்பலேறி மாதங்கள் ஆகிவிட்டன. யாரோ இந்தக் கிதாரைச் சமீபத்தில் வாசித்திருக்கிறார்கள், அவளும் வில்பிரட்டும் படுக்கிற அறைக்குள் வந்து வாசித்திருக்கிறார்கள். அவள் எண்ணெயை விட்டாள், மரம் குடித்தது, மறுபடி விட்டாள், அதையும் குடித்தது, புளியங்கொட்டை நிறத்துக்கு வந்து மினுங்கியது. பலகையில் இருந்த கறுப்பு முழுக்கத் துணிக்கு வந்துவிட்டது, அந்தத் துணியைக் கல்லில் போட்டு ஒரு கசக்குக் கசக்கினாள், துணி வெள்ளையாகிவிட்டது, ஓடிய தண்ணீரும் வெள்ளையாகவே ஓடியது. அந்தக் கறுப்பு எங்கே போயிற்று என்று அவள் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

அது ஊருக்குள் போயிருந்தது. மறுநாள் ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்க வரிசையில் வந்தவர்கள் வலது கையின் மேல் இடது கையை விரித்து நீட்டியபோது ஃபாதர் அமலதாஸ் அங்கங்கே கறுத்த விரல்நுனிகளைக் கண்டார். ஸ்டெல்லா டீச்சருக்கு மூன்று விரல், மீன் ஏலம் கூறுகிற சந்தியாகுவுக்கு இரண்டு, பாடற்குழுவில் பாடுகிற பலருக்கு ஒன்றோ இரண்டோ. அப்பத்தில் கறை ஒட்டவில்லை. ஃபாதர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, ஏனென்றால் அன்று காலை முகம் கழுவும்போது தன்னுடைய இடது ஆள்காட்டி விரலும் கறுத்திருந்ததை அவர் பார்த்திருந்தார், சோப்புப் போட்டும் மண்ணெண்ணெய் போட்டும் போகாததையும் பார்த்திருந்தார்.

கறுத்த ஒவ்வொரு நுனியின் நடுவிலும் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. பாடற்குழுவின் கீபோர்டு மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, இது கம்பி அழுத்திய தடம் என்று சொன்னார். டெல்பின் கிதார் துடைத்த துணியைக் கொடியில் காயப்போட்டதைப் பக்கத்து வீட்டுப் பிரிசில்லா மயினி பார்த்திருந்தாள், என்ன எண்ணெய் போட்டாள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள், அவ்வளவுதான், வெயில் ஏறுவதற்குள் காரணம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதில் யாரும் ஆச்சரியப்படவில்லை. மாதா எண்ணெய் பட்டால் அது அதன் வேலையைச் செய்யத்தானே செய்யும் என்றார்கள், தொட்டவனுடைய அழுக்கைத் தொட்டவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது என்றார்கள், திருச்செந்தூர் டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பை வாங்கித் தடவிவிட்டு அதற்குப் பிறகு முழு கவனத்தையும் அடுத்த கேள்வியில் வைத்தார்கள். அடுத்த கேள்வி, அந்தக் கிதார் எப்போதும் உள்ளறையில்தானே இருந்தது, அங்கே போய் அதைத் தொட இத்தனை பேருக்கு என்ன வேலை என்பது.

ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் இருந்தது, ஒருவர் பதிலை இன்னொருவர் நம்பவில்லை. சந்தியாகு, புயல் வந்த வருஷம் தண்ணீர் ஏறியபோது கிதாரைத் தூக்கி மேலே வைத்ததாகச் சொன்னான், தூக்கி வைத்தால் இரண்டு விரல்நுனி மட்டும் எப்படிப் படும் என்று அவன் மனைவி கேட்டாள், கேட்டுவிட்டுத் தாய்வீட்டுக்குப் போனாள். ஃபாதர் வீடு மந்திரித்து ஆசீர்வதிக்கப் போனபோது சும்மா ஒரு தட்டுத் தட்டியதாகப் பிரசங்கத்தின் நடுவில் தானாகவே சொன்னார், கேட்காமல் சொன்னதால் சந்தேகம் கூடியது. ஏலத்தில் சந்தியாகு இடது கையால் சீலா மீனைத் தூக்கிக் காட்டினால் வியாபாரிகள் மீனைப் பார்க்காமல் விரலைப் பார்த்தார்கள், அவன் வலது கைக்கு மாறினான், மாறியதைப் பார்த்தார்கள். நற்கருணையை நாக்கில் வாங்குகிறவர்களின் வரிசை நீண்டது, நாக்கை நீட்டுகிறவர்கள் எல்லாம் கையை மறைக்கிறவர்கள் என்று ஆயிற்று. பெண்கள் விரல்நுனிகளில் மருதாணி இட்டுக்கொண்டார்கள், மருதாணி இட்ட கைகள் அதைவிடச் சந்தேகத்துக்கு உரியவை ஆயின, கறை இல்லாதவர்கள் தங்கள் கறையின்மையைக் காட்ட மருதாணியைச் சுரண்டி எடுத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணிடம் இடது கையால் தண்ணீர் எடுத்துத் தரச் சொன்னார்கள், மரியாதைக்குறைவு என்று யாரும் நினைக்கவில்லை. தன்னை ஒருவரும் சந்தேகப்படவில்லையே என்று வருத்தப்பட்ட வயதான ஒருவர் பேனா மையை விரலில் தடவிக்கொண்டு டீக்கடைக்கு வந்தார், டம்ளரைக் கழுவிய தண்ணீரில் மை கரைந்தது, அந்த வாரம் ஊர் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

பஹ்ரைனில் ஏசி மெக்கானிக்காக இருந்த சந்தியாகுவின் தம்பிக்கும் நடுவிரல் கறுத்துவிட்டது என்று செய்தி வந்ததும் இன்னொன்று உறுதியாயிற்று. தூரம் ஒரு தடையில்லை. கடல் தாண்டி இருந்தாலும் தொட்ட விரலைக் கறுப்பு தேடிப் போய்விடும்.

இந்தச் செய்தியைக் கேட்டபோது டெல்பினுக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்தது. அவளுக்கு இருந்த சந்தேகம் ஊருக்கு இருந்த சந்தேகத்தைவிடக் கூர்மையானது, தன் அறைக்குள் யாரோ வந்துபோகிறார்கள், மாமியார் கதவைத் திறந்துவிடுகிறாள் என்பதுவரை அவள் போயிருந்தாள், ஸ்டெல்லா டீச்சரின் மூன்று விரல்களையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் யார் தொட்டிருந்தால் என்ன, எல்லாரையும்விட அதிகமாகக் கறுத்திருக்க வேண்டியது வில்பிரட்டின் கை. அந்தக் கையைப் பார்த்துவிட்டால் போதும், தனக்காக வாசித்த விரல்களைக் கறுப்பிலே பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அடங்கிவிடும் என்று நினைத்தாள். வில்பிரட்டோ குரலில் மட்டும் பேசினான், படம் வராது, நெட்வொர்க் இல்லை என்றான், அடுத்த துறைமுகத்தில் பார்க்கலாம் என்றான். அவன் கையை மறைக்கிறான் என்று அவள் நினைத்தாள், மறைக்கத்தானே செய்வான், ஊரெல்லாம் விரல் கறுத்தவனைக் குற்றவாளி என்கிறதே என்று அவனுக்காக இரக்கப்பட்டாள்.

அப்படி இருக்கையில் ஒருநாள் சாயங்காலம் அவனே வீடியோவில் அழைத்தான். அவன் முகத்தில் அவள் இதுவரை பார்த்திராத ஒரு தெளிவு இருந்தது. ஊரிலிருந்து நண்பர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள், இத்தனை நாள் பயந்து பயந்து தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம், இனி வராது என்று தெரிந்தபிறகுதான் அழைக்கிறானாம். இடது கையை எடுத்துக் கேமராவுக்கு முன்னால் விரித்தான், திருப்பினான், மறுபடி விரித்தான்.

"பாத்துக்கோ. ஒரு பொட்டுக் கறை இல்ல. நான் எந்தத் தப்பும் பண்ணல டெல்பின். ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லு."

அவள் பார்த்தாள். ஐந்து விரலும் குழந்தை விரல்போலச் சுத்தமாக இருந்தன, கறுப்பும் இல்லை, கம்பி அழுத்திக் காய்த்த தடிப்பும் இல்லை, கயிறு வெட்டிய தழும்பும் இல்லை. சொல்றேன் என்றாள். பிறகு அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. தான் எந்தச் சத்தத்தைக் கல்யாணம் செய்துகொண்டாளோ அந்தச் சத்தம் இவனுடையது இல்லை என்பது மட்டும் அடுப்புக்கு முன்னால் அவளோடு நின்றது.

அதன்பிறகு அவள் ஊரைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. யார் குற்றவாளி என்று ஊர் தேடியது, யார் தனக்கு வாசித்தது என்று அவள் தேடினாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கம்பியில்லாத அந்தப் பலகையில் தன் இடது கையை வைத்துப் பார்த்தாள். கீழிருந்து அந்த மெட்டு ஏறுகிற வழியில் விரல்களை ஒவ்வொன்றாக நகர்த்தினால் உச்சியிலுள்ள அந்த இடத்துக்குச் சுண்டுவிரல்தான் எட்டியது, வேறு விரல் எட்டவில்லை. ஆகவே கறுத்த சுண்டுவிரல் உள்ள ஒரு கையைக் கண்டுபிடித்தால் போதும். பேருந்தில், ரேஷன் கடையில், கோயில் வரிசையில், அவள் சுண்டுவிரல்களாகப் பார்த்துக்கொண்டு போனாள். யாருக்கும் சுண்டுவிரல் கறுக்கவில்லை. எல்லாரும் கழுத்தின் அடியில் நாலு தட்டுத் தட்டிவிட்டு வைத்தவர்கள்தான், உச்சிவரை போனவர் ஒருவரும் இல்லை. பிரிசில்லா மயினி அவளைப் பிடித்து நிறுத்தி, உன் மாப்பிள்ளை கை சுத்தமாமே, ஊரே பேசுது, நீ குடுத்து வச்சவ என்று சொன்னாள், டெல்பின் தலையாட்டிவிட்டு மயினியின் சுண்டுவிரலைப் பார்த்தாள்.

கடைசியில் ஒரு கிண்ணம் மீன் குழம்பை எடுத்துக்கொண்டு ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்குப் போனாள். டீச்சர் இடது கையாலேயே கிண்ணத்தை வாங்கினாள், மறைக்கவில்லை. மூன்று விரல் கறுப்பு, சுண்டுவிரல் வெள்ளை. கல்யாணம் ஆகாத டீச்சரை அந்த மூன்று விரல்களுக்காக ஊர் படுத்திய பாட்டில் அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. டெல்பின் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

"நீ எதுக்கு வந்திருக்கன்னு எனக்குத் தெரியும்," என்றாள் ஸ்டெல்லா. "உன் மாப்பிள்ளை ரூமுக்கு நான் போனதில்ல. அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு அலைஞ்ச காலத்துல எனக்கு அந்த வீட்டுல ஒருத்தங்க பழகிக் குடுத்தாங்க. வெளிய சொல்லாதன்னு சொன்னாங்க, இந்தா இன்னைக்கு வரைக்கும் சொல்லல. உனக்கு வேணும்னா உன் வீட்டுக்குள்ள போய்க் கேளு."

டெல்பின் வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அன்று காலையிலிருந்து மாமியாரின் இடது கையில் ஒரு துணிக்கட்டு இருந்தது, இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது என்றாள். பீடத் துணிகளை அவள் வியாழக்கிழமைதான் தேய்ப்பாள். டெல்பின் அதைக் கவனித்தாள், களிம்பு வாடையே வராததையும் கவனித்தாள், ஆனால் ஊரில் பாதிப் பேர் கையில் கட்டோடு திரிந்தார்கள், சொந்த வீட்டுக் கட்டை அவிழ்க்கச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை, அவிழ்த்தால் மாமியார் அந்த அறைக்குள் யாரை விட்டாள் என்பதையும் கேட்க வேண்டிவருமோ என்று பயந்தாள்.

ராக்கினி முன்னறையில் உட்கார்ந்து பீடத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள், ஒரு கையாலும் முழங்காலாலும் மடித்தாள். டெல்பின் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமி, கட்டை அவுருங்க."

ராக்கினி மடித்த துணியை விரித்து மறுபடி மடித்தாள். பிறகு பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தாள். நான்கு விரலும் கறுத்திருந்தன, சுண்டுவிரல் மட்டும் நுனியோடு நிற்காமல் இரண்டாவது கணுவரை கறுத்திருந்தது, கரியில் செய்து ஒட்டியதுபோல இருந்தது.

"சூட்டுக்காயம் இல்லன்னு உனக்கு அன்னைக்கே தெரியும்லா."

"தெரியும்."

"பெறகு ஏன் கேக்கல?"

"பயமாயிருந்திச்சு."

"எனக்கும் அதுதான்," என்றாள் ராக்கினி. "நீ வேணும்னே அந்த எண்ணெயப் போட்டு என்னைப் பிடிச்சிட்டன்னுல்ல நெனச்சேன்."

அவள் சொன்னதெல்லாம் சுற்றிவளைக்காமல் வந்தது. கிதார் அவளுடைய அண்ணனுடையது, அண்ணன் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்து அவள் பழகினாள், அண்ணன் கையைவிட அவள் கைக்கு அது நன்றாக வந்தது, கல்யாணம் ஆகி வரும்போது அண்ணன் நினைவாக என்று சொல்லிக் கொண்டுவந்தாள். இந்த வீட்டிலிருந்து சத்தம் கேட்டபோது ஊர் அவள் புருஷன் வாசிக்கிறார் என்றது, அவரும் இல்லையென்று சொல்லவில்லை, அவர் இறந்தபிறகு சத்தம் நிற்கவில்லை என்பதால் மகன் வாசிக்கிறான் என்று இவளே சொல்லிவைத்தாள். வந்தவன் போனவன் எல்லாம் எடுத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்கள், அவள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள். மகன் கப்பலில் இருந்தபோது, டெல்பின் வேலைக்குப் போன பகல்களில், ஜன்னலையும் சாத்திவிட்டு வெளியே கேட்காதபடி வாசித்தாள், சாயங்காலம் அவள் வந்து தட்டும்போது கிதாரை மேலே ஏற்றிவிட்டு வந்து கதவைத் திறந்தாள்.

"எப்பவும் அது யாராவது ஒரு ஆம்பளையோடதாத்தான் இருந்திச்சு," என்றாள்.

"போன்ல?" என்று டெல்பின் கேட்டாள்.

"அவனுக்குப் பேச வராது. போனைக் கையில வச்சிக்கிட்டு மலங்க மலங்க முழிச்சான். நீ வேண்டாம்னு சொல்லிட்டா புள்ள ஒடஞ்சி போயிருவானேன்னு ஒரு நாளைக்குன்னுதான் வாசிச்சேன்."

"ஒரு நாளைக்கா மாமி?"

"நீ போனை வைக்கலியே." ராக்கினி துணியை மடியில் போட்டாள். "நான் நிப்பாட்டின பெறகும் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்திச்சு. நான் வாசிச்சதை அதுக்கு முன்ன ஒருத்தரும் கடைசி வரைக்கும் கேட்டதில்ல, ஏளா. மொதல்ல அவனுக்காகத்தான் வாசிச்சேன். பெறகு அவனுக்காக இல்ல."

டெல்பின் அதையும் உடனே நம்பவில்லை. இந்த ஊரில் இத்தனை நாள் இருந்ததில் நம்பிக்கை என்பது அவளுக்குக் கை தவறிப் போயிருந்தது, மகனைக் காப்பாற்ற இவள் எதையும் சொல்வாள், கறுத்த விரலையே காட்டி வேறொன்றை மறைப்பாள் என்று தோன்றியது. ஆகவே வாசித்தவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டாள். மேலே போகிற கடைசி இடத்தில் ஒரு மூச்சு நேரம் நிற்குமே, அது என்ன, ஏன் அங்கே நின்றீர்கள் என்று கேட்டாள்.

ராக்கினி கொஞ்சம் வெட்கப்பட்டாள். "அதுவா. அது தப்பு. இந்த விரல் சொன்ன ஒடன நீளாது. எட்டிப் போடும்போது ஒரு வலி வரும், அதைப் பொறுத்துக்கிட்டுத்தான் அழுத்தணும். ஒவ்வொரு நாளும் தப்பாம வாசிக்கணும்னுதான் ஒக்காருவேன். ஒரு நாளும் முடியல."

தயக்கம் என்று தான் எண்ணியது வலி. தட்டலாமா என்று கதவுக்கு முன்னால் நின்றது ஓர் ஆணின் கூச்சம் அல்ல, ஈரத்துணி பிழிந்த விரல். டெல்பின் எழுந்து உள்ளே போனாள், வெகுநேரம் வரவில்லை, அழுகிறாள் என்று ராக்கினி நினைத்தாள், அவள் அழவில்லை, பெட்டியை இழுத்து அதில் தன் துணிகளை வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு வைத்ததை எடுத்துக் கட்டிலில் போட்டாள், பிறகு புதுக் கம்பிப் பொட்டலத்தையும் கிதாரையும் கொண்டுவந்து மாமியாரின் மடியிலிருந்த பீடத் துணியை எடுத்துவிட்டு அங்கே வைத்தாள். இருப்பதா போவதா என்று தான் இன்னும் முடிவு செய்யவில்லை என்றாள். முடிவு செய்வதற்கு முன்னால் ஒன்றே ஒன்று வேண்டும் என்றாள்.

"அவிய கப்பல்ல இருந்து வர்ற அன்னைக்கு நீங்க இந்தக் கதவைத் திறந்து வச்சு வாசிக்கணும்."

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு இப்பம் சும்மாவா இருக்கு?"

ராக்கினி கம்பியின் நுனியை எடுத்துத் துளையில் கோத்தாள், அவ்வளவுதான். அந்த வாரம் அவர்கள் இருவரும் முன்னைவிட அதிகமாகப் பேசிக்கொள்ளவில்லை. கட்டு மறுபடியும் கையில் ஏறியது. கதவு திறக்குமா என்பது டெல்பினுக்குத் தெரியாது, தெரியாமலே அவள் வேலைக்குப் போய் வந்தாள், மாமியார் ஆக்கிய சோற்றைச் சந்தேகத்தோடு சாப்பிட்டாள்.

திருவிழாக் கொடியேற்றத்தன்று மத்தியான பஸ்ஸில் வில்பிரட் வந்து இறங்கினான். கறை இல்லாத கையைப் பார்க்க ஊர் பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தது. அவன் பைகளையெல்லாம் வலது கையில் பிடித்துக்கொண்டு இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி விரித்துக் காட்டினான், கூச்ச சுபாவமுள்ள அந்த ஆள் அப்படி ஒரு காரியம் செய்து யாரும் பார்த்ததில்லை. பிரிசில்லா மயினி, நல்ல வளர்ப்பு என்றாள். சந்தியாகு தன் கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டான். ஃபாதர் கொடிமரத்தடியிலிருந்து பார்த்து ஆசீர்வதித்தார், வலது கையால். அவன் தூக்கிய கையை இறக்காமலே தெருவழியாக நடந்து வந்தான், கூட்டம் பின்னால் வந்தது, டெல்பின் வீட்டு வாசலில் நின்று அவன் வருவதைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்தியிருந்தது.

அவன் வேலிப்பக்கம் வந்தபோது கதவின் தாழ்ப்பாள் உள்ளேயிருந்து விலகுகிற சத்தம் கேட்டது. கதவு நன்றாகத் திறந்து சுவரில் முட்டி நின்றது. உள்ளேயிருந்து கிதார் தொடங்கியது.

கூட்டம் நின்றது. சிப்பித்துறைக்காரர்கள் சந்தேகப்படப் பழகியவர்கள், அவர்களுக்கு எதையும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை, வாசிக்கிறவன் என்று இத்தனை வருஷம் நம்பிய ஆள் தெருவில் நிற்கிறான், வாசிப்பு வீட்டுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணாக அவன் தூக்கிய கைக்குப் போயிற்று. சுத்தமான அந்த ஐந்து விரல்களை அவர்கள் அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஸ்டெல்லா டீச்சர் கூட்டத்தின் ஓரத்திலிருந்து முன்னால் வந்தாள், தன் மூன்று விரல்களை மறைக்காமல் கைகளைக் கட்டிக்கொண்டு வாசிப்பைக் கேட்டாள். வில்பிரட்டின் கை மெல்ல மெல்ல இறங்கியது, தோளுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கவாட்டில் தொங்கியது.

அவன் டெல்பினைப் பார்த்தான். அவளுக்குத் தெரியும் என்பதை அவள் முகத்தில் பார்த்தான்.

"உள்ள வரட்டா?" என்று கேட்டான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவள் வாசலை விட்டு நகரவில்லை.

"பாட்டு முடியட்டும்," என்றாள்.

அவன் பைகளை மணலில் வைத்துவிட்டு நின்றான்.